முசியேயின் சாவுக்குப் போன சனிக்கிழமை

எங்கள் வீட்டு மேலறையில் வாடகைக்கு இருந்த நடிகர் செவ்வாய் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒரு தடவை செத்தார். சனிக்கிழமைகளில் இரண்டு தடவை. ஞாயிறும் திங்களும் உயிரோடு என் சமையலறையில் உட்கார்ந்து பிரெஞ்சில் அலட்டிக்கொண்டிருப்பார். அவர் செத்துக்கொண்டிருக்கும் நாட்களில்தான் நிம்மதியாகச் செய்தி பார்க்க முடிகிறது என்று என் கணவர் சொல்வார்.

2009ஆம் ஆண்டின் இலையுதிர்காலம் அது. பாரிஸை விட்டு லண்டனுக்கு வந்து ஸ்ட்ரெதமில் வீடு வாங்கி எவ்வளவோ காலமாகியும் என் ஆங்கிலம் நொண்டிக்கொண்டுதான் இருந்தது. பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்றுதான் வந்தோம். அவர்கள் படித்தார்கள், பல்கலைக்கழகம் என்று வேறு ஊர்களுக்குப் போனார்கள். நான் மட்டும் கவுன்சிலுக்குப் போன் எடுக்க வேண்டுமென்றால் கணவரைத் தேடிக்கொண்டிருந்தேன். ஆனால் பிரெஞ்சில் என்னை யாரும் மடக்க முடியாது. பாரிஸில் ஓர் உணவகத்தின் சமையலறையில் நின்று படித்த பிரெஞ்சு அது. அதில் பாதி, பெரியவர்கள் முன்னால் வாய்விடக் கூடாத சொற்கள்.

பிள்ளைகளின் அறை சும்மா கிடக்கிறதே என்று கணவர் தன் கடைக் கண்ணாடியில் ஓர் அட்டை ஒட்டினார். அதைப் பார்த்து ஒருவர் போன் எடுத்தார். அவருடைய ஆங்கிலம் எனக்கு விளங்கவில்லை, என்னுடையது அவருக்கு விளங்கவில்லை. எரிச்சலில் என் வாயிலிருந்து ஒரு பிரெஞ்சு வசவு வந்துவிட்டது. மறுபக்கத்தில் அந்த மனிதர் சந்தோஷத்தில் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, போனை எட்டப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. அன்று பின்னேரமே பெட்டியோடு வந்து இறங்கினார்.

கனடாவில் மொன்றியலைச் சேர்ந்தவர். எழுபது வயதைத் தொட்டுக்கொண்டிருந்தார். அவருடைய பிரெஞ்சு மூக்கால் வந்தது. முதலில் தடிமன் என்று நினைத்து இஞ்சித் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். அவர்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்களாம். தேத்தண்ணீரை வேண்டாம் என்று சொல்லவில்லை. பாரிஸ் பழக்கத்தில் நான் அவரை, மிஸ்டர் என்பதுபோல, முசியே என்று கூப்பிட்டேன். வயதில் மூத்தவரை வெறுமனே அப்படிக் கூப்பிட என் கணவருக்கு மனம் வரவில்லை, முசியே அண்ணை என்று கூப்பிட்டார்.

ஆளைப் பற்றி ஒரேயொரு முறைப்பாடு எங்களுக்கு உண்டு. விடைபெறுவது. தபால் கந்தோருக்குப் போவதென்றாலும் என் இரண்டு கன்னத்திலும் முத்தம், கணவருக்கு ஒரு கட்டிப்பிடி, வாசலில் ஒரு கையசைப்பு, கேற்றடியில் இன்னொன்று. பத்து அடி போன பிறகு மப்ளரை மறந்துவிட்டேன் என்று திரும்பி வருவார். வந்தால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். முசியே சப்பாத்துப் போடும் சத்தம் கேட்டதும் என் கணவர் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடப் பழகிக்கொண்டார்.

அவருடைய கதையை நான் கறிக்கு வெங்காயம் வெட்டும் நேரங்களில் கேட்டேன். அவர் பிரெஞ்சில் சொன்னதை நான் இங்கே என் தமிழில் எழுதுகிறேன். இடையில் அவர் யாழ்ப்பாணத்து ஆள் போலத் தெரிந்தால் அது என் வேலைதான். பிழை பொறுக்க வேண்டும்.

பெரிய ஆறு ஒன்றின் கரையில், கடதாசி ஆலை நாறும் ஒரு சிறிய ஊரில் பிறந்தவர். தாய்க்கு இவரைப் பாதிரியாராக்க வேண்டும் என்று ஆசை. குருமடத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பெண்பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூடம் ஆகையால் நத்தார் நாடகத்தில் மாதா வேடம் இவருக்கு வந்தது. ஊரே எழுந்து கைதட்டியதாம். கடவுளுக்குச் சேவை செய்ய இதைவிடச் சத்தம் குறைந்த வழி தனக்கு வேண்டாம் என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டார்.

மொன்றியலுக்கு ஓடிப்போய் மேடையேறினார். இராசாவாக நடித்தார், கள்ளனாக நடித்தார், ஒரு பனிக்காலம் முழுவதும் கரடியாகவும் நடித்தார். பிறகு தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் கிராமத்து வைத்தியர் வேடம் கிடைத்தது. அது வருடக்கணக்கில் இழுபட்டது. கடைக்குப் போனால் பெண்கள் இவரை மறித்து வாயைத் திறந்து தொண்டையைக் காட்டுவார்களாம். முதலில் தான் வைத்தியர் இல்லை என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். ஒருவரும் நம்பவில்லை. பிறகு எல்லோருக்கும் வெந்நீரும் தேனும் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாராம். ஆட்களுக்குச் சுகமும் வந்ததாம்.

வைத்தியரைப் பார்த்த பாரிஸ் சினிமாக்காரர்கள் இவரை அழைத்தார்கள். மரம் வெட்டுபவன் வேடம், நல்ல பெரிய வேடம். படம் முடிந்து முதல் காட்சிக்குத் தாயையும் கூட்டிக்கொண்டு போனார். தாய் புதுத் தொப்பி போட்டிருந்தார். திரையில் மகனின் முகம் வந்தது, வாய் திறந்தது, உள்ளேயிருந்து யாரோ ஒரு பாரிஸ்காரனின் குரல் வந்தது. இவருடைய பேச்சு பாரிஸ் சனத்துக்குச் சிரிப்பாக இருக்கும் என்று இவரிடம் சொல்லாமலே வேறு ஆளைப் பேச விட்டிருந்தார்கள். தாய் படம் முழுக்கப் பார்த்துவிட்டு, நீ எங்கே, நான் உன்னைக் காணவில்லையே என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போது அவருக்கு நாற்பது வருடத்துக்குப் பிறகும் காது சிவந்தது. அதன்பிறகும் படங்களில் நடித்தார், அவற்றிலும் வேறு குரல்கள்தான். முகத்தை வைத்துக்கொண்டு குரலைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சென்னைப் படங்களில் எங்கள் ஊர் ஆட்கள் பேசும் தமிழை அவருக்குச் சொன்னேன். எங்கள் ஊரை ஒருநாளும் காணாத ஒருவர் தன் நாக்கை முறுக்கி எதையோ இழுப்பார், அதுதான் நாங்களாம். என்னோடு வேலை செய்த மதுரைப் பெண் ஒருத்தி, நீங்க பேசறது மலையாளம் மாதிரி இருக்கு என்று மூன்று மாதம் சொல்லிக்கொண்டிருந்ததையும் சொன்னேன். முசியே மேசையில் அடித்து அடித்துச் சிரித்தார். அன்று முதல் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி.

லண்டனுக்கு அவர் வந்தது ஓர் ஆங்கில நாடகத்துக்காக. எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு பப்பின் மேல்மாடியில் அந்த அரங்கம் இருந்தது. வட இங்கிலாந்தின் கிழட்டுச் சுரங்கத் தொழிலாளி ஒருவர், புறாக்கள் வளர்ப்பவர், கட்டிலில் கிடந்து சாகிறார். சுற்றி நின்று பிள்ளைகள் சண்டை பிடிக்கிறார்கள். அவ்வளவுதான் நாடகம். முதலில் அந்த வேடம் ஏற்றவர் இடுப்பை முறித்துக்கொண்டதால், எப்போதோ மொன்றியலில் முசியேயைப் பார்த்திருந்த இயக்குநர் அவரை அழைத்தார். இயக்குநர் இளம் ஆள், தெற்கு லண்டன்காரர். வடக்கென்றால் எல்லாம் வடக்குத்தானே, எந்த வடக்கு என்று யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தார் போலிருக்கிறது.

பார்த்தார்கள். பிள்ளைகள் சண்டை பிடிக்கும் இடமெல்லாம் சனம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தது. சாகிற இடம் வந்ததும் களுக்கென்று சிரித்தது. கடைசிப் பேச்சில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. பின்கதவைப் பூட்டினாயா என்று மகளைக் கேட்பார், புறாக்களுக்குத் தீனி வைக்கச் சொல்வார், களைப்பாக இருக்கிறது, நாளைக்குப் பேசுவோம் என்பார், கண்ணை மூடிவிடுவார். நாளைக்கு என்கிற அந்த ஆங்கில ‘ருமோரோ’ முசியேயின் மூக்கு வழியாக உருண்டு வரும்போது பின்வரிசையில் ஒருவர் தொடங்கி வைப்பார், மற்றவர்கள் தொடருவார்கள்.

ஒரு வியாழக்கிழமை இயக்குநர் அவரைக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொன்னார். சனிக்கிழமை மத்தியானக் காட்சியில் தானே பின்வரிசையில் இருந்து பார்க்கப் போவதாகவும், அப்போதும் அது எடுபடவில்லையென்றால் கடைசிப் பேச்சை வேறொரு நடிகரின் குரலில் பதிவு செய்து போடப் போவதாகவும். முசியே கட்டிலில் வாயை மூடிக்கொண்டு கிடப்பார், ஆன்மா பேசுவதுபோலக் குரல் கூரையிலிருந்து வரும். அது கலையாக இருக்குமாம்.

அன்று முசியே கதிரையில் இருந்துகொண்டு என் கோப்பையைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். வழக்கமான அலட்டல் இல்லை. இது தன் கடைசி மேடை என்று தனக்குத் தெரியும் என்றார். பிறகு, “அம்மா அன்றைக்குத் தேடின குரல் இது. கடைசி ஒரு தடவையாவது என்னுடைய வாயால் செத்துவிட்டுப் போகலாம் என்று பார்த்தேன்” என்றார்.

எனக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வரும். சனிக்கிழமை சீற் எவ்வளவு காலியாக இருக்கிறது என்று கேட்டேன். பாதிக்கு மேல் காலி, நடிகர்கள் தெரிந்தவர்களுக்குச் சும்மா கொடுக்கலாம் என்றார். டிக்கெட்டுகளைக் கொண்டு வாருங்கள் என்றேன். சிரிக்கிற ஆட்களுக்கு இடமில்லாமல் சிரிக்காத ஆட்களால் நிரப்பிவிடுவது என்பது என் திட்டம். சிரிக்காத ஆட்களுக்கு என் கணவர் வீட்டுப் பக்கத்தில் பஞ்சமே இல்லை.

அவர்களில் முதலாமவர் என் மச்சாள், கணவரின் மூத்த அக்கா. லண்டனின் மறுபக்கத்தில், மனோர் பார்க்கில் முருகன் கோயிலுக்குக் கிட்ட இருக்கிறார். அவர் வந்தால் பக்கத்துச் செவன் கிங்ஸில் இருக்கும் மற்றச் சொந்தக்காரர் எல்லோரும் வருவார்கள், அவர் வராவிட்டால் ஒருவரும் அசையமாட்டார்கள். ஆனால் மச்சாளைப் போனில் பிடிப்பது லேசில்லை. பகலெல்லாம் கோயிலில் நிற்பார். மெசேஜ் விடலாமென்றால் அவருடைய ஆன்சரிங் மெசின் நிறைந்துபோய்க் கிடந்தது. அதில் இருப்பதை அழிக்க அவர் விடுவதில்லை. அதன் காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். மச்சாளுக்கும் என் கணவருக்கும் கடைசித் தம்பி வன்னியில் இருந்தார். அந்த வருடத் தொடக்கத்தில் எங்கிருந்தோ போன் எடுத்து, அக்கா, நான்தான், பிறகு எடுக்கிறன் என்று அந்த மெசினில் சொல்லியிருந்தார். அதுதான் கடைசி. மே மாதத்தில் சண்டை முடிந்த பிறகு அவரைக் கண்டவர்கள் இல்லை. அவர் செத்துவிட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. உடல் இல்லை, நாள் இல்லை, செத்த வீடு இல்லை. மச்சாளும் அழவில்லை, என் கணவரும் அழவில்லை. அவர் கடைக்குப் போய் வந்தார், மச்சாள் கோயிலுக்குப் போய் வந்தார்.

நேரில் போய்த்தான் மச்சாளைக் கேட்டேன். புரட்டாசிச் சனி விரத நாளில் சாராயக் கடைக்கு மேலே ஏறுவதா என்றார். பாவம், சாகிற வயதான மனிசன், நாலு பேர் வந்து பக்கத்தில் இருந்தால் நல்லம் என்று நினைக்கிறார் என்றேன். நான் நாடகத்தைத்தான் சொன்னேன். அவர் எதை நினைத்தாரோ, சரி என்றார்.

சனிக்கிழமை காலை கோயிலில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு, மத்தியானம் பப்புக்கு வந்தார். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பியர் குடித்துக்கொண்டிருந்த காற்பந்து ரசிகர்களுக்கு நடுவால் அவர் நடந்தபோது அவர்கள் எழும்பி வழிவிட்டார்கள். பின்னால் செவன் கிங்ஸிலிருந்து இரண்டு காரில் வந்த சொந்தக்காரர் எல்லோரும். படிக்கட்டில் நிறுத்தி எல்லோருக்கும் சொன்னேன், சாகிற இடத்தில் யாராவது பல்லைக் காட்டினால் அவருக்கு என் வீட்டில் இனிமேல் சோறு கிடையாது. அதைவிட வேறு எதுவும் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நாடகத்தை நான் பார்க்கவேயில்லை. சனத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் வழக்கம்போல நித்திரை கொண்டார். மச்சாளுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான், ஆனாலும் கட்டிலைக் கண்டதும் நிமிர்ந்து இருந்தார். மேடை மகன் கட்டிலுக்கு முதுகு காட்டி நின்றதைப் பார்த்து, அவனுக்குக் கொஞ்சமும் மரியாதை தெரியவில்லை என்று என் காதில் முறைப்பாடு வைத்தார்.

கடைசி இடம் வந்தது. பின்கதவு. புறாக்கள். எனக்கு முன்னால் இருந்த ஒருவரின் தோள் குலுங்கத் தொடங்கியது, அவரை முதுகில் தட்ட நான் கையைத் தூக்கிவிட்டேன். அந்த நேரம் முசியே, களைப்பாக இருக்கிறது, நாளைக்குப் பேசுவோம் என்றார். ‘ருமோரோ’ என்ற அந்த ஒரு சொல் மச்சாளுக்குத் தெரிந்த ஆங்கிலம். எனக்குப் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. மச்சாள் அழுதார். அடக்கி அழவில்லை. நெஞ்சில் கையை வைத்து, “என்ரை ராசா” என்று ஒரு தடவை சொன்னார். அதன்பிறகு வரிசை முழுவதும் அழுதது. முன்னால் இருந்தவரின் தோள் அப்படியே நின்றுவிட்டது. நித்திரையிலிருந்து விழித்த என் கணவர் என்ன ஏது என்று கேட்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

வெளிச்சம் அணைந்தது. மச்சாள் எழும்பினார். கண்ணைத் துடைத்தார், யாருடைய முகத்தையும் பார்க்காமல் படிக்கட்டுப் பக்கம் நடந்தார். அவர் எழும்பினால் எல்லோரும் எழும்ப வேண்டும். ஒருவர் பின் ஒருவராகப் போனோம். நானும் போனேன். மறுபடி வெளிச்சம் வந்து முசியே குனிந்து வணங்கியபோது, அவர் கண்டது காலியான சீற்றுகளும் வாசலை நோக்கிப் போகும் எங்கள் முதுகுகளும்தான். செவன் கிங்ஸில் அன்று எல்லோரும் வீட்டுக்குள் போகமுதல் தலை முழுகினார்கள், கடைசியாகப் போனவருக்குச் சுடுதண்ணீர் கிடைக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஞாயிறு காலை மச்சாள் பஸ் ஏறி, சோறும் மரக்கறியும் சட்டி சட்டியாகக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, அயலவர்கள்தான் சமைத்துக் கொடுக்க வேண்டும். அவர் உயிரோடு மேலே இருக்கிறார் என்று சொன்னேன். “தெரியும். செத்து எழும்பின களைப்பு இருக்குமெல்லே, சாப்பிடட்டும்” என்றார் மச்சாள்.

முசியே கீழே இறங்கி வந்தார். முகத்தில் சவரம் இல்லை. இயக்குநர் போன் எடுத்திருந்தாராம். சனம் கைகூடத் தட்டாமல் எழும்பிப் போனதைத் தன் கண்ணால் கண்டாராம், அந்த மாதிரிச் சபை தனக்கு ஒருநாளும் அமைந்ததில்லையாம். திங்கட்கிழமை மத்தியானம் மற்ற நடிகர் வந்து குரலைப் பதிவு செய்யப் போகிறார். சிரிப்பைத் தாங்கிக்கொண்டேன், எழும்பிப் போவதைத் தாங்க முடியவில்லை என்றார். எங்களைக் குற்றம் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

சிரிக்கக் கூடாது என்று ஊரெல்லாம் வெருட்டிக் கொண்டுவந்த சனம், சிரித்ததைவிடப் பெரிய சேதத்தைச் செய்துவிட்டது. முறைப்படி செய்ததால் வந்த சேதம். மச்சாளுக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் சட்டிகளை மறுபடி மூடிக் கட்டினார். நாளைக்கு அந்த இயக்குநர்ப் பொடியனிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போம் என்றார்.

திங்கட்கிழமை நாங்கள் மூன்று பேரும் சட்டிகளோடு பப்பின் மேல்மாடிக்குப் போனோம். இயக்குநர் ஒலிவாங்கியைச் சரிசெய்துகொண்டிருந்தார். குரல் கொடுக்க வந்த நடிகர், நல்ல ஆழமான தொண்டைக்காரர், மேல்கோட்டைக் கழற்றிவைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மச்சாளுக்குத் தமிழ், எனக்குத் தமிழும் பிரெஞ்சும், முசியேக்குப் பிரெஞ்சும் ஆங்கிலமும். ஆகவே மச்சாள் எனக்குச் சொல்ல, நான் முசியேக்குச் சொல்ல, முசியே இயக்குநருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. வேறு வழி இருக்கவில்லை.

மச்சாள் அவசரப்படவில்லை. “செத்த வீட்டிலை ஆரும் கை தட்டுறதோ? போயிட்டு வாறன் எண்டும் சொல்லக் கூடாது. சொல்லாமல் கொள்ளாமல், திரும்பிப் பாராமல் எழும்பிப் போறதுதான் எங்கடை முறை. அதைத்தான் செய்தனாங்கள்” என்றார். நான் சொன்னேன். முசியே என்னைப் பார்த்தார், மச்சாளைப் பார்த்தார், பிறகு இயக்குநரிடம் திரும்பிச் சொன்னார். இயக்குநரின் வாய் கொஞ்சம் திறந்தது. அந்த மனிதர் செத்துவிட்டார் என்றா நினைத்தீர்கள் என்று கேட்டார்.

“நான் விசரி இல்லை. அவர் நடிக்கிறார் எண்டு எனக்குத் தெரியும்” என்றார் மச்சாள். பிறகு குரல் இறங்கியது. “என்ரை தம்பி செத்துப் போனான். அவனுக்கு நான் அழேல்லை. இருந்து அழ எனக்கு ஒரு கட்டிலடி கிடைக்கேல்லை. சனிக்கிழமை இவரின்ரை கட்டிலடியிலை கிடைச்சது.”

அதுவரை தம்பி செத்துவிட்டான் என்று அவர் வாயால் ஒருவரும் கேட்டதில்லை. எனக்குப் பிரெஞ்சு மறந்துபோனது. தட்டித் தடவி, சமையலறைச் சொற்களால் ஒப்பேற்றினேன். மச்சாள் ஒலிவாங்கியைக் காட்டினார். “மெசினிலை வாற குரல் ஒண்டு என்னட்டையும் இருக்கு. அதைக் கேட்டு எனக்கு ஒருநாளும் அழுகை வரேல்லை. மெசினிலை இருக்கிறது சாகாது. அது பிறகு எடுக்கிறன் எண்டுதான் சொல்லிக்கொண்டிருக்கும்.”

முசியே அதை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். மூக்கால் வந்த, எங்கேயோ தூரத்து ஆற்றங்கரையில் பழகிய அந்தக் குரலில், மச்சாளின் தம்பியைப் பற்றி. இடையில் ஒரு தடவை நின்றார், மறுபடி சொன்னார். நடிக்கவில்லை. நடித்திருந்தாலும் எனக்குப் பரவாயில்லை. தன் குரலுக்காக அவர் ஒரு சொல் சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. இயக்குநர் சிரிக்கவில்லை. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஆழத் தொண்டைக்காரர் கோப்பையை வைத்துவிட்டு மேல்கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். இந்த வேலையைத் தன்னால் செய்ய முடியாது, வேறு ஆளைப் பாருங்கள் என்றார்.

வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை வழக்கமான நேரத்துக்கு வாருங்கள் என்று மட்டும் இயக்குநர் முசியேயிடம் சொன்னார். மச்சாள் சட்டிகளைத் திறந்தார். எல்லோரும் மேடைக் கட்டிலின் விளிம்பில் இருந்து கத்தரிக்காய்க் கறியும் சோறும் சாப்பிட்டோம். ஆழத் தொண்டைக்காரர் இரண்டாம் தரம் போட்டுக்கொண்டார். உறைப்பில் அவருக்குக் கொஞ்ச நேரம் குரலே இருக்கவில்லை.

நாடகம் இன்னும் சில கிழமைகள் ஓடியது. பின்வரிசைச் சிரிப்பு முழுக்க நின்றுவிட்டது என்று சொன்னால் அது பொய். சில நாள் சிரித்தார்கள். ஆனால் முசியே இப்போது சனத்துக்குச் சொல்வதில்லை, மேடை மகளுக்குத்தான் சொல்கிறார், சிரிப்புத் தன் காதில் விழுவதே இல்லை என்றார். என் கணவர் தன்பாட்டில் இரண்டு தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நித்திரை கொள்ளவில்லையாம். அதை முசியேதான் எனக்குச் சொன்னார், கட்டிலில் செத்துக் கிடந்துகொண்டே அரைக் கண்ணால் பார்த்திருக்கிறார்.

மச்சாள் ஐயரைக் கேட்டுத் தம்பியின் கிரியைகளுக்கு ஒரு நாள் குறித்தார். முசியே மொன்றியலுக்குப் போகமுதல் கடைசி ஞாயிற்றுக்கிழமையாக அது வந்தது. மனோர் பார்க் வீட்டு முன்னறையில் படம் வைத்து, மாலை போட்டு, விளக்குக் கொளுத்தினோம். எல்லோரும் வந்தார்கள். முசியே அரங்கத்திலிருந்து மேடை மகனின் கறுப்புக் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார். அதைக் கண்டதும் மச்சாளுக்கு முகம் ஒரு மாதிரிப் போனது. அந்த மரியாதை தெரியாதவனுடைய கோட்டல்லவா. ஆனால் பந்தியில் அவருக்குத்தான் முதல் இலை போட்டார்.

சாப்பாடு முடிந்தது. முசியே கதிரையைப் பின்னால் தள்ளி எழும்பினார். இனி இந்த வீட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் கன்னத்துக்கு இரண்டு முத்தம், கட்டிப்பிடி, கையசைப்பு. இங்கே அது கூடாது என்று அவருக்குச் சொல்ல நான் மறந்துபோயிருந்தேன். கணவரைத் தேடினேன். அவர் இந்தத் தடவை குளியலறைக்குள் ஒளியவில்லை, வாசலிலேயே நின்றார்.

முசியே தொப்பியை எடுத்தார். ஒருவரின் முகத்தையும் பார்க்கவில்லை. என்னைத் தாண்டினார், மச்சாளைத் தாண்டினார், வாசலில் என் கணவரையும் தாண்டி, ஒரு சொல் சொல்லாமல் தெருவில் இறங்கி நடந்தார். நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மச்சாள் சொன்னதை இயக்குநருக்கு ஆங்கிலத்தில் சொன்னவரே அவர்தானே.

மப்ளர் கதிரையில் கிடந்தது. என் கணவர் அதை எடுத்துக்கொண்டு கேற்றடிக்கு ஓடினார். முசியே அண்ணை என்று கூப்பிட வாயைத் திறந்தார். கூப்பிடவில்லை. முசியே திரும்பி வரவும் இல்லை. அவர் தெருமுனையில் திரும்பி மறையும்வரை பார்த்து நின்றுவிட்டு, மப்ளரில் முகத்தைப் பொத்திக்கொண்டு என் கணவர் தன் தம்பிக்காக அழுதார்.